மிஸஸ் படையாச்சியின் அறையில் மூன்று நாற்காலிகள்

கதவில் இருந்த பெயரை
எழுத்துக் கூட்டி அம்மாவுக்குச் சொன்னேன்.
ப, டை, யா, ச், சி.
அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.
"நம்மாளுடி."
மேலூரை விட்டு வந்த எட்டு மாதத்தில்
அவள் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள்:
டர்பன் புழுக்கத்தில் துணி காயாதது,
அப்பா ராத்திரி பன்னிரண்டு வரை
ஹோட்டல் தோசைக்கல் முன்னால் நிற்பது,
பள்ளிக்கூடத்துக் குரங்கு ஒன்று
என் டிபன் டப்பாவோடு கூரையேறியது.

டீச்சர் கடைசிவரை கேட்டார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
அம்மா என்ன சொல்கிறார் என்று
இங்கிலீஷில் கேட்டார்.

அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

இங்கிலீஷ் எனக்குக் காதுவரை வந்திருந்தது,
வாய்க்கு இன்னும் இறங்கவில்லை.
"மங்கி" என்றேன்.
கொஞ்சம் யோசித்து, "லஞ்ச்."
அம்மாவின் எட்டு மாதமும்
அதற்குள் போய்விட்டது.

ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி.
எங்கள் வகுப்பில் நாற்பத்தாறு.
பின்வரிசை எங்களுடையது:
புக்காவுவிலிருந்து வந்த ந்சிமிரே,
ஹராரேக்காரி ருடெண்டோ,
மலாவியின் சிகோண்டி, நான்.
எங்களிடம் ஒரே ஒரு அழிரப்பர்,
அதற்கு நாலு பேர்.
யார் எந்தப் பேரில் கேட்டாலும் கை நீளும்.
இதையெல்லாம் சொல்ல
மங்கியும் லஞ்சும் போதாது.

பேசிப் பேசி அம்மாவுக்குத் தொண்டை வறண்டது.
"தண்ணி" என்றாள்.
டீச்சர் சட்டென்று சிரித்தார்.
அந்தச் சொல் அவருக்குத் தெரியும்!
இரண்டு கையாலும் காற்றில் சீட்டுக் கலைத்துக் காட்டினார்.
இந்த ஊரில் தண்ணி ஒரு சீட்டாட்டம்,
ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மேசைபோட்டு ஆடுவது.
அம்மாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.
தண்ணீர் வரவில்லை.

பிறகு கோப்பைத் திறந்தார்.

நாலு மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்.
"ரொம்ப அமைதியான பிள்ளையாம்மா" என்றேன்.
இந்த ஐந்தாம் வகுப்பையே
இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்றார்.
"அடுத்த வருஷமும் என்னைத்
தங்கிட்டயே வச்சுக்கிறாங்களாம்."

அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள்.
கோடு போட்ட இடத்தில்
பவளக்கொடி என்று தமிழில் கையெழுத்திட்டாள்.

டீச்சர் அந்தத் தாளை உடனே எடுத்து வைக்கவில்லை.
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
முதல் எழுத்தின்மேல் அவர் விரல் நின்றது.
அவர் பெயரும் அதில்தான் தொடங்குகிறது.
சொல்லியிருக்கலாம்.
நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வேன் டாக்சியில் நல்ல கூட்டம்.
ஜன்னலோரம் அம்மா.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:
"அமைதியான பிள்ளைன்னு சொல்றதுக்கா
அவ அத்தனை தரம் நெத்தியைத் தேய்ச்சா?"

எனக்கு முழங்கால் வியர்த்தது.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.
சில்லறையை என் கையில் வைத்து மூடினாள்.
"நம்ம இடம் வருது. நீ சொல்லு."

இங்கே இறங்கும் இடத்தைக்
கத்திச் சொன்னால்தான் வண்டி நிற்கும்.
போன வாரம் நான் சொல்லாமல் விட்டு,
மூன்று தெரு தாண்டி இறங்கி
அரிசி மூட்டையோடு நடந்து வந்தோம்.

பாட்டுச் சத்தம். முன்னால் பன்னிரண்டு பிடரிகள்.
சிக்னல் தெரிந்தது,
இந்த ஊரில் அதற்கு ரோபாட் என்று பெயர்.

"ஆஃப்டர் ரோபாட்!"

என் குரல்தானா என்று
அம்மாவே திரும்பிப் பார்த்தாள்.
வண்டி நின்றது.
இறங்கினோம்.
குழாயடிக்குப் போய்
முதலில் அவள் குடித்தாள்.